தாமரைக் குளத்துக்கு மன்னன் பெயர் எதற்கு?



தமிழர் ஓவியக்கலை என்று தலைப்புக் கொடுத்தால், மாணவர் தாள்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி வரும். சித்தன்னவாசல் ஓவியங்கள் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை, மிகவும் அழகானவை. அவ்வளவுதான், அடுத்த பத்தி. இந்த வாக்கியத்தில் இரண்டு குறை. ஒன்று, தகவல் பழையது. இன்னொன்று, ஓவியத்தைப் பார்த்த அடையாளமே அதில் இல்லை. இரண்டாவதுதான் பெரிய குறை.

முதலில் தகவலைச் சரி செய்வோம். சித்தன்னவாசல் புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டரில் உள்ள கிராமம். அங்கே குன்றைக் குடைந்து செய்த சின்னச் சமணக் கோயிலுக்கு அறிவர் கோயில் என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபிநாத ராவும் பிரெஞ்சு ஆய்வாளர் துப்ரேயும் இதை வெளியுலகுக்குக் காட்டினார்கள். அப்போது இதை மகேந்திரவர்மன் கணக்கில், 7ஆம் நூற்றாண்டில் சேர்த்தார்கள். ஆனால் கோயில் பாறையிலேயே பாட்டாக வெட்டிய ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற ஆசிரியர் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் ஒரு மண்டபமும் எடுத்தார் என்கிறது அது. குகை அதற்கும் முந்தியது. இன்று நாம் பார்க்கும் ஓவியங்களில் பெரும்பாலானவை 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தவை என்பதே இப்போது பலர் ஏற்கும் கருத்து.

சரி, பல்லவனை அடித்துவிட்டுப் பாண்டியனை எழுதினால் போதுமா? போதாது. அண்ணாந்து பாருங்கள்.

அர்த்த மண்டபம் நம் வகுப்பறையைவிடச் சிறியது. அதன் விதானம் முழுக்க ஒரு தாமரைக் குளம். காலுக்குக் கீழே இருக்க வேண்டிய குளம் தலைக்கு மேலே இருக்கிறது! இலைகள் மடிந்தும் விரிந்தும் கிடக்கின்றன. மொட்டு, பாதி விரிந்த பூ, முழுதாய் மலர்ந்த பூ எல்லாம் உண்டு. இடையிடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். மூன்று ஆடவர் நீரில் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். ஒருவர் கையில் பூக்கூடை. தனியாக நிற்பவர் தோளில் தாமரைக் கட்டு. அருகர் அறமுரைக்கும் சமவசரணம் என்ற அவையைச் சுற்றியுள்ள குளம் இது என்று சமண நூல்களைக் கொண்டு விளக்குகிறார்கள்.

இதில் தூரம், பக்கம் என்ற கணக்கு இல்லை. மீனுக்கும் யானைக்கும் நிஜ அளவும் இல்லை. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் பலமாகத் தெரிகிறது. நடுநாயகம் என்று யாரும் இல்லாததால் நம் கண் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம், குளத்தில் இறங்கியவனைப்போல. செங்காவி, மஞ்சள் காவி, கரி, சுண்ணாம்பு, பச்சை மண் என்று வண்ணங்களும் எளியவை. தூணில் இருக்கும் ஆடல் மகளிரைப் பாருங்கள். உருவம் பாதி அழிந்துவிட்டது. ஆனாலும் வீசிய கையின் ஒரே கோட்டில் ஆட்டம் தெரிகிறது.

சின்னக் கோயில், பெரிய ஓவியம் என்பது உலகில் வேறு இடங்களிலும் உண்டு. ஸ்பெயினின் பிரனீஸ் மலையில் தாவுல் என்ற சிற்றூர். அங்கே 1123இல் அர்ச்சிக்கப்பட்ட புனித கிளமென்ட் தேவாலயத்தில், வளைந்த சுவர் நிறைய இயேசு நேருக்கு நேராய் நம்மைப் பார்த்து அமர்ந்திருப்பார். அந்தப் பார்வை நம்மை நிறுத்தி வைக்கும். சித்தன்னவாசலோ நம்மை உலவ விடும். இரண்டு இடத்திலும் தீட்டியவர் பெயர் தெரியாது. தாவுல் ஓவியத்தை 1919க்கும் 1923க்கும் இடையில் சுவரிலிருந்து உரித்தெடுத்து பார்சலோனா அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனார்கள். சித்தன்னவாசல் ஓவியம் பாறையிலேயே இருந்தது. பார்க்க வந்தவர்கள் கீறியதிலும் கிறுக்கியதிலும் நிறைய போய்விட்டது.

பார்க்கத் தெரியாததை நாம் அழித்துவிடுவோம். இதற்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலிலேயே சோழர் ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டினார்கள். 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு சொல்லும்வரை அடியில் இருந்தது வெளியே தெரியவில்லை. நம் தோட்டத்துக் கோயில்களிலும் கும்பாபிஷேகம் வந்தால் முதலில் வாங்குவது பெயிண்டுதான். பழைய சுவரில் யாரோ ஒரு தோட்டத்துக் கை வரைந்த முருகனோ மாரியம்மனோ இருந்தால், ஒரே நாளில் மறைந்துவிடும். புதுப்பிப்பது தவறில்லை, இளங்கௌதமனும் புதுப்பித்தவர்தானே? ஆனால் அடிப்பதற்கு முன்னால் ஒரு படமாவது எடுத்து வைக்கலாம். செலண்டார் வட்டாரத்து மாணவர்களே, இதை நீங்களே செய்யலாம். கையில்தான் கைப்பேசி இருக்கிறதே!

தேர்வில் ஓவியத்தைப் பற்றி எழுத நேர்ந்தால் மூன்று கேள்விக்கு விடை சொல்லுங்கள். என்ன தெரிகிறது? அது என் கண்ணை எப்படி நடத்துகிறது? காலத்தை எந்தச் சான்றால் சொல்கிறேன்? அழகானது என்ற சொல்லை இந்த மூன்றும் முடிந்த பிறகு எழுதுங்கள். பெரும்பாலும் அது தேவைப்படாது.