கம்பத்தின் கீழே ஓர் ஊர்

எல்லைச் சுற்றுலாவையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். அதற்கும் கதைசொல்லி உண்டு. அழுத்திச் சொல்லும் இடங்கள் உண்டு. சொல்லாமல் விடும் இடங்களும் உண்டு. சியோலிலிருந்து வட, தென் கொரிய எல்லைக்குப் பேருந்தில் அழைத்துச் செல்லும் ஒருநாள் சுற்றுலாவை நான் அப்படித்தான் வாசித்தேன்.

1953 ஜூலை 27இல் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. சுமார் 250 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பட்டைக்குப் ‘படை நீக்கப்பட்ட பகுதி’ என்று பெயர். அதன் இரு புறமும் படைகள், உள்ளே கண்ணிவெடிகள்.

சுற்றுலாவின் மொழி அளவுகளின் மொழி. 1978இல் கண்டுபிடிக்கப்பட்ட மூன்றாவது சுரங்கத்தில் தலைக்கவசம் அணிந்து இறங்குகிறோம். நீளம் 1,635 மீட்டர், ஆழம் 73 மீட்டர். டோரா பார்வை மாடத்தில் தொலைநோக்கிகள் வரிசையாக நிற்கின்றன. தெற்கின் கொடிக்கம்பம் சுமார் 100 மீட்டர். வடக்கு அதைத் தாண்டி 160 மீட்டரில் நட்டது. எல்லோரும் சிரிக்கிறார்கள். எங்கள் வழிகாட்டி ஒரு பெண், நன்றாகவே பேசினார். ஆனால் அவர் சொன்ன கதையில் பெண்களே இல்லை.

அந்தக் குட்டைக் கம்பத்தின் கீழே தேசொங்தொங் என்றொரு ஊர் இருக்கிறது. படை நீக்கப்பட்ட பகுதிக்குள் தென்கொரியக் குடிமக்கள் வாழும் ஒரே ஊர். அவ்வூர் ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. வெளியூர்ப் பெண் இங்கே மருமகளாக வந்து குடியேறலாம். இவ்வூர் மகள் வெளியூர் ஆணை மணந்தால் ஊரைவிட்டுப் போக வேண்டும். ராணுவத்துக்குத் தப்ப நினைக்கும் ஆண்கள் மாப்பிள்ளையாக வந்துவிடுவார்கள் என்பதே காரணம். ஏய்க்கக்கூடியவன் ஆண், ஊரை இழப்பவள் பெண். பிறந்த வீட்டில் பெண் விருந்தாளி என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த விதி புதிதல்ல. இங்கே அதற்கு ராணுவக் காவலும் இருக்கிறது, அவ்வளவுதான்.

பேருந்து பாஜு நகர எல்லைக்குள்தான் இவ்வளவு நேரமும் ஓடுகிறது. பாஜுவிலும் டோங்டுசோனிலும் அமெரிக்கப் படைமுகாம்களை ஒட்டி ‘முகாம் ஊர்கள்’ வளர்ந்தன. அங்கே பாலியல் தொழிலில் இருந்த பெண்களை அரசு பதிவு செய்தது. கட்டாயப் பரிசோதனை நடத்தியது. பால்வினை நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் அடைத்துவைத்தது. டாலர் ஈட்டும் தேசபக்தைகள் என்று அதிகாரிகள் அவர்களுக்கு வகுப்பும் எடுத்தார்கள். 2014இல் 122 பெண்கள் அரசின்மீது வழக்குத் தொடுத்தார்கள். அரசு இத்தொழிலை நியாயப்படுத்தி ஊக்குவித்தது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று, இழப்பீடு தரச் சொன்னது. எல்லைக் காவலுக்கான செலவுக் கணக்கில் அந்த உடல்களும் உண்டு. சுற்றுலா அதைக் காட்டுவதில்லை.

2015 மே மாதம் 30 பெண்கள் வடக்கிலிருந்து தெற்கே இந்த எல்லையைக் கடந்தார்கள். குளோரியா ஸ்டைனமும், நோபல் பெற்ற மைரீட் மகுவயரும் லேமா போவியும் அவர்களில் இருந்தார்கள். பான்முன்ஜொம் வழியே நடந்து கடக்கக் கேட்டார்கள், கிடைக்கவில்லை, பேருந்தில் கடந்தார்கள். வடகொரியாவின் மனித உரிமை மீறல்களை அவர்கள் அழுத்தமாகப் பேசவில்லை என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் ‘அப்பாவிகள்’ என்ற ஏளனத்தில் நியாயம் இல்லை. முடியாத போரை முடியுங்கள் என்று கேட்பது அப்பாவித்தனம் என்றால், கம்பத்தின் உயரத்தில் போட்டியிடுவதை என்னவென்று சொல்வது?

என் மாணவிகளில் பலர் ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ தொடர் வழியாக இந்த எல்லையை அறிந்தவர்கள். நேரில் போக வாய்த்தால், டோராவில் தொலைநோக்கியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். கொடியை விட்டுவிட்டு வீடுகளைப் பாருங்கள். அந்த வீடுகளில் எந்த மகள் தங்கலாம், எந்த மகள் தங்கக்கூடாது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.