மன்னிப்புக்கு முந்திய சொல்: சித்தே தீவின் நினைவகம்

பாரிஸ் மாநகரின் நடுவே, சேன் நதியில் அமைந்த சித்தே தீவுக்குச் செல்வோர் முதலில் நோத்ர தாம் பேராலயத்தையே அண்ணாந்து நோக்குவர். 2019இல் தீயினால் சேதமுற்று, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட அப்பேராலயத்துக்குப் பின்னால், தீவின் கிழக்கு முனையில், நிலத்தினுள் இறங்கும் வேறொரு கட்டடம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரான்சிலிருந்து நாத்சி முகாம்களுக்கு நாடுகடத்தப்பட்டோரின் நினைவகம் அது. ஜார்ஜ் ஆன்ரி பாங்குசோன் வடிவமைத்த அதனை 1962 ஏப்ரல் 12ஆம் நாள் குடியரசுத் தலைவர் தெ கோல் திறந்துவைத்தார்.

கலைப்படைப்பு என்ற முறையில் இது உயர்ந்தது. ஒடுங்கிய படிகளில் இறங்குவோருக்கு நகரம் மறைகிறது. வானமும், கம்பிகளுக்கு அப்பால் ஓடும் நீருமே எஞ்சுகின்றன. உள்ளே நீண்ட இடைவழியில் 2 இலட்சம் சிறு கண்ணாடித் துண்டுகள் ஒளிர்கின்றன. சிறைப்பட்டவனின் நிலையை விளக்கவுரையின்றியே காண்போர் உணர்கின்றனர்.

எனினும், அங்குள்ள எழுத்துகளைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. வெளியேறும் வாசலின் மேலுள்ள வாசகம், மன்னிக்கவும் மறவாதிருக்கவும் நம்மைப் பணிக்கிறது. யார் யாரை மன்னிப்பது? முகப்பிலுள்ள கல்வெட்டு, நாத்சி முகாம்களில் அழிந்த 2 இலட்சம் பிரெஞ்சுக்காரர் என்று பொதுப்படப் பேசுகிறது. ஆனால் நாடுகடத்தப்பட்டோருள் ஏறத்தாழ 76,000 பேர், யூதராய்ப் பிறந்த ஒரே காரணத்துக்காகக் கொண்டுபோகப்பட்டவர்கள்; அவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக் குடியுரிமையற்ற அந்நியர். 1942 ஜூலை 16, 17ஆம் நாட்களில் சுமார் 13,000 யூதரைப் பிடித்தவர்கள் பாரிஸ் காவல்துறையினர். பிடிபட்டோருள் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அக்காவல்துறையின் தலைமையகம் இதே தீவில், நினைவகத்திலிருந்து சில நிமிட நடைத்தொலைவில் உள்ளது. கல்வெட்டு அதைக் குறித்து வாய் திறக்கவில்லை. நகரத்தைக் கண்ணுக்கு மறைக்கும் அச்சுவர்கள், நகரத்தின் பங்கையும் மறைத்துவிடுகின்றன.

காயமுற்ற தேசம் ஒருமைப்பாட்டை நாடிய காலம் அது எனலாம். அது உண்மையே. ஆயினும் பிரெஞ்சு அரசின் குற்றத்தைக் குடியரசுத் தலைவர் ழாக் சிராக் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1995 ஜூலை 16ஆம் நாளில்தான். 1997இல் பிரான்சின் கத்தோலிக்க ஆயர்கள் திருச்சபையின் மௌனத்துக்காக மன்னிப்புக் கோரினர். 2005இல், அண்மையிலுள்ள வேறொரு நினைவகத்தில் நாடுகடத்தப்பட்ட யூதரின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டன. மன்னிப்பைப் பற்றிய வாசகம் 1962இல் வந்தது. பாவ அறிக்கையோ 33 ஆண்டுகள் கழித்தே வந்தது.

நாத்தான் தாவீதின் முன் நின்றபோது, செய்யப்பட்ட பாவம் இன்னதென்று முதலில் சொல்லப்பட்டது. தாவீது அதனை அறிக்கையிட்டான். அதன் பின்னரே மன்னிப்பின் சொல் உரைக்கப்பட்டது. இவ்வரிசை மாறும்போது, இழந்தவர்மேல் மற்றுமொரு பாரம் ஏற்றப்படுகிறது. ஒப்புரவாகுதலைப் பிரசங்கிக்கும் நாம், பிளவுண்ட சபைகளில் சமாதானம் பேசப் புகுமுன், யாருக்கு யார் என்ன செய்தார் என்பதைக் கேட்டறிய வேண்டும். அதற்கு ஆகும் காலத்தைச் சுருக்க நமக்கு உரிமை இல்லை.