கோவலன் எப்படிப்பட்ட ரசிகன்? இந்திர விழா முதல் வேனில் காதை வரை



சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்தில் பத்துப் பகுதிகள். அவற்றில் ஐந்து முதல் எட்டு வரை உள்ளவை இந்திர விழவு ஊர் எடுத்த காதை, கடல் ஆடு காதை, கானல் வரி, வேனில் காதை. இந்த நான்கையும் ஒரே மூச்சில் படித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் நாம் துண்டு துண்டாகத்தான் நடத்துகிறோம். விழாக் காதை என்றால் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், நாளங்காடி, ஐவகை மன்றம் என்று குறிப்பு எடுக்கச் சொல்கிறோம். கானல் வரி என்றால் 'ஊழ்வினை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மாணவரும் அதையே எழுதி வைத்துவிட்டு, "டீச்சர், அவ்வளவுதானே?" என்கிறார்.

அவ்வளவுதான் இல்லை. சேர்த்துப் படித்தால் நான்கும் ஒரே கதை. வேனில் காலத்தில் ஒரு கடற்கரை நகரமே தெருவுக்கு வந்து ஆடுகிறது, பாடுகிறது, கடலாடுகிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு ரசிகன் தோற்றுப்போகிறான். அவன்தான் கோவலன். அவனை நல்ல கணவனா, கெட்ட கணவனா என்று கேட்டுக் கேட்டு நமக்கே சலித்துவிட்டது. அவன் எப்படிப்பட்ட ரசிகன் என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்போமே.

முதலில் வேனில் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு வெயிலும் மழையும் தெரியும், வேனில் தெரியாது. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இந்திர விழா சித்திரை மாதத்தில், சித்திரை நட்சத்திரம் சேர்ந்த முழுநிலா நாளை ஒட்டி எடுக்கப்படுகிறது. 28 நாள் விழா என்பது மணிமேகலை தரும் கணக்கு. இன்றும் ஏப்ரல், மே வாக்கில் காஜா பேராங்கில் மலாக்கா செட்டிகள் மாரியம்மனுக்கு எடுக்கும் டத்தோ சாச்சார் விழாவைப் பார்த்த மாணவரிடம், "அதே பருவம்தான்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

விழாக் காதையைப் பட்டியல் போட்டுப் படிக்கிறவர்கள் அதன் கடைசி அடிகளை விட்டுவிடுகிறார்கள். அரண்மனை முதல் அங்காடி வரை நகரம் முழுவதையும் காட்டிவிட்டு, இளங்கோ இரண்டு பெண்களின் கண்களில் வந்து நிற்கிறார். கண்ணகியின் கருங்கண்ணும் மாதவியின் செங்கண்ணும் நீர் உகுக்கின்றன. கண்ணகிக்கு இடக்கண் துடிக்கிறது, மாதவிக்கு வலக்கண். பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது, வலக்கண் துடித்தால் கெட்டது என்ற நம்பிக்கை நம் வீடுகளிலும் உண்டு. ஊரே சிரிக்கும் நாளில் இப்படி முடிக்கிறார் என்றால், அதுவரை சொன்னது வெறும் நகர வருணனையாக இருக்க முடியுமா? 'இந்திர விழாவின் சிறப்புகளை விளக்குக' என்ற வினாவுக்கு இந்த இரண்டு கண்களையும் எழுதாத விடை, எத்தனை பக்கம் ஓடினாலும் குறையுள்ள விடைதான்.

அடுத்தது கடல் ஆடு காதை. இதில் வரும் வித்தியாதரனை நாம் சரியாகக் கவனிப்பதில்லை. வடக்கே வெள்ளிமலையில் இருந்தவன், புகாரில் விழா என்று தெரிந்து மனைவியை அழைத்துக்கொண்டு வருகிறான். மாதவி ஆடும் பதினோரு ஆடல்களையும் ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டுகிறான். கொடுகொட்டி சிவனுடையது, அல்லியம் கம்சன் ஏவிய யானையை வென்ற கண்ணனுடையது, துடி கடலையே அரங்கமாக்கி முருகன் ஆடியது, பேடி காமனுடையது, மரக்கால் கொற்றவையுடையது, பாவை திருமகளுடையது, கடையம் இந்திராணி உழத்தியாக வந்து ஆடியது. சொல்லிக்கொண்டே போகிறான்.

இதை 'பதினோரு ஆடல்களின் பெயர்களை எழுதுக' என்ற வினாவோடு விட்டுவிட்டால் நட்டம் நமக்குத்தான். ஒரே பெண் சிவனாகிறாள், கண்ணனாகிறாள், காமனாகிறாள், கொற்றவையாகிறாள். பார்க்கிறவர் யாரும் குழம்பவில்லை. ஆடுகிறவள் வேறு, ஆட்டத்தில் வருபவர் வேறு என்பது வித்தியாதரனுக்குத் தெரிகிறது. தெரிவதால்தான் மனைவிக்கு விளக்கவும் முடிகிறது. நல்ல ரசிகன் எப்படி இருப்பான் என்று இளங்கோ முன்கூட்டியே காட்டிவிடுகிறார். இதே ஆடல் முடிந்ததும் கோவலன் என்ன செய்கிறான்? ஊடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஊரே பார்த்து மகிழ்ந்த கலை அவன் முகத்தைச் சுருக்கிவிட்டது.

அவனைத் தேற்ற மாதவி மீண்டும் ஒப்பனை செய்துகொள்கிறாள். முழுநிலா நாளில் ஊர் மக்கள் கடலாடப் போவதைப் பார்க்க ஆசைப்படுகிறாள். இருவரும் கிளம்புகிறார்கள், அவன் கோவேறு கழுதை மேல், அவள் வண்டியில். வழியெல்லாம் விளக்குகள். மாலை விற்பவர் விளக்கு, பணியாரம் விற்பவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, கப்பலுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கு, வேற்றுமொழி பேசும் நாட்டவர் அணைக்காமல் வைத்திருக்கும் விளக்கு. மாவு போன்ற மணலில் ஒரு வெண்கடுகு விழுந்தாலும் தெரியும் என்கிறார். செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மாசி மகத்தன்று இரவு நின்றவர்களுக்கு இந்த வெளிச்சம் புதிதல்ல. வேற்றுமொழி நாட்டவரின் விளக்கும் மலாக்காவுக்குப் புதிதல்ல. போர்த்துக்கீசியர் 1511இல் பிடித்த இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் கேட்டன என்று தோமே பிரஸ் எழுதி வைத்திருக்கிறார். புகாரைக் கற்பனை செய்ய நம் பிள்ளைகள் தூரம் போக வேண்டியதில்லை.

இனிமேல்தான் முக்கியமான இடம். இத்தனை வெளிச்சத்தையும் கடந்து வந்த இருவரும், தாழை வேலிக்குள் ஒரு புன்னை நிழலில், ஓவியம் தீட்டிய திரையைச் சுற்றிலும் கட்டி, மேலே விதானம் போட்டு உட்காருகிறார்கள். திரைக்கு இளங்கோ இங்கே எழினி என்ற சொல்லைப் போடுகிறார். நினைவிருக்கிறதா? அரங்கேற்று காதையிலும் எழினி வந்தது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளந்து கட்டிய மேடையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று. மேடையில் எழினி திறந்தால் ஊர் பார்க்கும். கடற்கரையில் எழினி மூடியதும் ஊர் மறைந்துவிட்டது. பார்ப்பதற்கு மிஞ்சியவன் கோவலன் ஒருவன்தான். இளங்கோ திட்டமிட்டுத்தான் அதே சொல்லைப் போட்டார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் பதினோரு ஆடலிலும் வராத குழப்பம் இந்தத் திரைக்குள் ஒரே பாட்டில் வந்துவிட்டதே, அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

கோவலன் முதலில் யாழை மீட்டிப் பாடுகிறான். காவிரியைப் பாடுகிறான், நெய்தல் நிலத்துப் பெண்ணை விரும்பும் ஒரு தலைவனாகப் பாடுகிறான். பிறகு மாதவி யாழை வாங்குகிறாள். அவளும் காவிரியில் தொடங்கி, காதலன் பிரிந்ததால் மாலையில் கடற்கரையில் வாடும் ஒரு பெண்ணாகப் பாடுகிறாள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று நாம் எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறோம். நெய்தல் நிலத்தில் உட்கார்ந்து இரங்கல் பாடாமல் அவள் வேறு எதைப் பாடுவாள்? அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பாட்டில் வரும் 'நான்' பாடுகிறவரின் 'நான்' அல்ல என்பதுதான் அந்த விதியால் நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. கோவலன் அந்த விதியை அவனாகவே உடைக்கிறான். நான் கானல் வரி பாட, இவள் வேறொருவன் மேல் மனம் வைத்துப் பாடிவிட்டாளே, மாயக்காரி என்று முடிவு கட்டுகிறான். தனக்கு எடுத்துக்கொண்ட சலுகையை அவளுக்குக் கொடுக்கவில்லை. (அடியார்க்கு நல்லார் உரை கானல் வரிக்குக் கிடைக்காமல் போனது நம் துரதிர்ஷ்டம். அரும்பதவுரையை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது.)

இதை மலாக்கா மாணவருக்கு விளக்கச் சிறந்த வழி டொண்டாங் சாயாங். வயலினும் ரெபானாவும் ஒலிக்க இருவர் மாறி மாறிப் பந்துன் பாடிக் காதலைச் சொல்வார்கள், சீண்டுவார்கள், பதிலுக்குப் பதில் கொடுப்பார்கள். மலாய்க்காரர், பாபா நியோன்யா, செட்டி, போர்த்துக்கீசியர் என்று நான்கு சமூகத்தாரும் பாடும் இந்தக் கலையை யுனெஸ்கோ 2018இல் தன் பட்டியலில் சேர்த்தது. பாட்டு முடிந்ததும், "நீ யாரை நினைச்சுப் பாடினே?" என்று ஒருவர் சட்டையைப் பிடித்தால் எப்படி இருக்கும்? சபை சிரிக்கும். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், நம்பியார் வந்தாலே பாட்டிமார் சாபம் விடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். படம் முடிந்து பாயைச் சுருட்டும்போது அந்தக் கோபமும் சேர்ந்து சுருண்டுவிடும். அந்தப் பாட்டிமாருக்குத் தெரிந்தது கோவலனுக்குத் தெரியவில்லை.

"மாதவியும்தானே முதலில் சந்தேகப்பட்டாள்?" என்று ஒரு மாணவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். கோவலன் பாட்டில் ஏதோ குறிப்பு இருக்கிறது, இவன் மனம் மாறிவிட்டான் என்று அவளும் எண்ணினாள். அதை மறைக்க வேண்டாம். ஆனால் அவள் தன் சந்தேகத்துக்குப் பாட்டாலேயே பதில் சொன்னாள். அவன் எழுந்து போனான். போன விதத்தையும் பாருங்கள். பொழுது போயிற்று, எழுவோம் என்று பன்மையில் சொல்லிவிட்டு, அவளோடு சேர்ந்து எழாமல் ஏவலாளர் சூழத் தனியே போய்விடுகிறான். அவள் வண்டியில் தனியாக வீடு திரும்புகிறாள். ஊழ்வினை என்று இளங்கோ சொல்வது உண்மை. அந்த ஊழ் யாழிசையை வைத்து வந்தது என்றும் அவரே சொல்கிறார். மாணவர்கள் முதல் பாதியை எழுதிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். ஊழ் நுழைய ஒரு வாசல் வேண்டும். அது கோவலனின் காது.

வேனில் காதையில் இது இன்னும் மோசமாகிறது. தாழை மடலில், செம்பஞ்சுக் குழம்பால் மாதவி ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறாள். வசந்தமாலை அதைக் கூலக்கடைத் தெருவில் கோவலனிடம் நீட்டுகிறாள். அவன் வாங்க மறுத்து எட்டு வகை வரிக்கூத்துகளை வரிசையாகச் சொல்கிறான். அவள் தன் துயரத்தைச் சுற்றத்தாரிடம் சொன்னது தேர்ச்சி வரியாம், மயங்கி விழுந்தவளைப் பிறர் தாங்கியது எடுத்துக்கோள் வரியாம். ஆடல் மகள்தானே, அவளுக்கு இதெல்லாம் பழக்கம் என்கிறான். கடற்கரையில் கலையை வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவன், தெருவில் வாழ்க்கையைக் கலையாக எடுத்துக்கொள்கிறான். இரண்டும் ஒரே நோய். இந்த இடத்தை நடத்தும்போது எனக்குக் கோபம் வரும். கோயில் திருவிழாவுக்கு ஆட மாணவிகளை நாம்தான் வற்புறுத்தி மேடையேற்றுகிறோம். மறுநாள், "எப்படி ஆடினா பாத்தியா, அவ அப்படித்தான்" என்று பேச்சு கிளம்பினால் நாம் வாய் திறப்பதில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கதை என்று யாராவது சொன்னால், கூலக்கடைத் தெருவைக் காட்டுங்கள்.

கோவலன் திருந்துகிறானா? திருந்துகிறான். அதை மதுரைக் காண்டம் வரை போனால்தான் பார்க்க முடியும். புறஞ்சேரி இறுத்த காதையில் கௌசிகன் மாதவியின் இன்னோர் ஓலையைக் கொண்டு வருகிறான். இந்த முறை கோவலன் பிரித்துப் படிக்கிறான். அவள் மேல் தீது இல்லை, தீது என்னுடையது என்று உணர்கிறான். பிறகு செய்வதுதான் அருமை. அவள் எழுதிய அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் சேர்க்கச் சொல்லிக் கௌசிகனிடம் கொடுத்துவிடுகிறான். தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டிய மன்னிப்பும் வணக்கமும் அந்தச் சொற்களுக்குள்ளேயே இருப்பதை இப்போது அவனால் பார்க்க முடிகிறது. ஒருவர் சொன்ன சொல் இன்னொருவர் வாயிலும் பொருந்தும் என்று அவன் கற்றுக்கொண்ட இடம் இது. மதுரைக் கோட்டை வாசல் பக்கத்தில் இருக்கிறது; சிலம்பை விற்கப் போகும் நாளும் தூரத்தில் இல்லை.