மணிமேகலை காட்டும் நால்வகை விடை

ஆதிரையின் கற்பையும் அமுதசுரபியின் சிறப்பையும் விரும்பிக் கற்பிக்கும் நாம், மணிமேகலையின் 27, 29, 30ஆம் காதைகளைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறோம். அவற்றில் கதையோட்டம் இல்லை, தருக்கமே உண்டு என்பது பலர் கூறும் குறை. கவிச்சுவை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் அது பொருந்தும். ஆயின், கருத்து மாறுபட்டோர் கூடி உண்மையை ஆராயும் முறையாது என்னும் வினாவிற்கு இத்துணைத் தெளிவாக விடை தரும் பகுதி நம் காப்பியங்களில் அரிது. அறிவியல் பயிற்றும் ஆசிரியர்க்கு இக்காதைகள் பெரிதும் பயன்படும் என்பது என் துணிபு.

வஞ்சி நகரில் மணிமேகலை மாதவன் வடிவில் சென்று, அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பலர் கொள்கைகளையும் கேட்கிறாள். உடன்படாதவற்றையும் பொறுமையுடன் கேட்ட அவள், இறுதியில் பூதவாதியை நோக்கி நகைக்கிறாள். அந்நகையை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆனால் அடுத்து அவள் எழுப்பும் வினா போற்றத்தக்கது. காட்சி ஒன்றையே நம்பும் அவனிடம், 'உன் தாய்தந்தையரைக் கருத்தளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய்?' என்கிறாள். இன்றைய அவையில் தாய்தந்தையரைச் சுட்டுதல் வசையாகிவிடும். அங்கோ அது சான்று. அவள் அவனை இழித்திலள். அவன் கொண்ட அளவையையே சோதித்தாள்.

காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றையும் அவற்றின் போலிகளையும் உணர்த்துகிறார். இறுதிக் காதையில் விடை நால்வகைப்படும் என்கிறார். தோன்றியது அழியுமா என்றால், அழியும் எனத் துணிந்து சொல்லல் ஒன்று. இறந்தவன் மீண்டும் பிறப்பானா என்றால், பற்று நீங்கியவனா, நீங்காதவனா எனக் கூறிட்டு மொழிதல் இரண்டு. பனை முந்தியதா, அதன் வித்து முந்தியதா என்றால், எப்பனை, எவ்வித்து என வினாவின் விடுத்தல் மூன்று. ஆகாயப் பூ பழையதா, புதியதா என்றால் வாய்வாளாமை நான்கு.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் செம்பனை பெருகிவிட்ட இந்நாளிலும், பால்மரம் நம் மாணவர்க்கு வீட்டுப் பெரியோர் வாயிலாக அறிமுகமானதே. அமிலம் சேர்த்தால் மரப்பால் உறையுமா? உறையும் எனத் துணிந்து சொல்லலாம். மழை பால்வெட்டுக்கு நல்லதா? கூறிட்டே மொழிதல் வேண்டும்: வேருக்கு நீர் நல்லது, வெட்டும் வேளையில் பட்டை நனைந்தாலோ பால் மங்கில் சேராது வழிந்தோடும். ஒரு மரம் எவ்வளவு பால் தரும்? எவ்வினம், எத்தனை வயது என்று திருப்பி வினவ வேண்டும். இவ்வேறுபாட்டை உணராத இருவர், மழையைப் பற்றித் தொடங்கிய பேச்சை மனத்தாங்கலில் முடிப்பர்.

நன்னூல் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக 'மற்றொன்று விரித்தல்' என்பதை வைத்தது. அதன் தீமையை நாம் நேரிற் கண்டோம். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்திற் பயிற்றும் திட்டம் 2003இல் வந்தபோதும், இருமொழித் திட்டம் 2016இல் தொடங்கியபோதும், மாணவர்க்கு எம்மொழியில் பாடம் விளங்கும் என்பதே ஆராய வேண்டிய பொருள். ஆனால் யார் தமிழ்ப்பற்று உடையவர், யார் இல்லாதவர் என்ற பேச்சே பல இடங்களில் விரிந்தது. வகுப்பறைச் சான்றுகளுடன் வந்தோரும் வாய்மூடினர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். அடிகள் கூறும் வாய்வாளாமை, பொருளற்ற வினாவிற்கு உரியது. வினவுவோனை அடக்குதற்கு உரியதன்று. 'இதுகூடத் தெரியாதா?' என்ற ஒரு சொல் போதும். தோட்டத்துப் பிள்ளை மறுமுறை கை உயர்த்தாது. வினா நின்ற வகுப்பில் அறிவியலும் நின்றுவிடும்.

ஆதலின் ஆசிரியர்கள் இந்நால்வகை விடைகளை இலக்கியப் பாடத்தோடு நிறுத்தாமல் அறிவியற் பாடத்திலும் பயிற்றுதல் நன்று. எவ்வினாவிற்கு எவ்விடை என்று தெரிந்து பேசும் மாணவன், மாறுபட்டவனைப் பகைவனாகக் கொள்ளான். சாத்தனார் இக்காதைகளை விரித்துரைத்ததன் பயனும் அதுவே.