உடைந்த தோளும் மாத டார்கெட்டும்

விளையாட்டுப் போட்டிகளைத் தொழில் கதையாக்குவதில் தப்பென்ன என்று விளம்பரத் துறையினர் அண்மைக்காலமாக அழுத்தமாகவே கேட்கிறார்கள். ஊரே பேசுகிற விஷயத்தை ஒட்டிப் பேசினால்தான் நாம் சொல்வதும் காதில் விழும். ஆட்டத்தில் உள்ள விறுவிறுப்பு கணக்கறிக்கையில் இல்லை. ஊழியர்களுக்கும் ஊக்கம் கிடைக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவர்கள் தரப்பு. அந்தக் கடைசி வாதத்தோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு.

மற்றதை ஒப்புக்கொள்கிறேன். அமுலின் வெண்ணெய்ச் சிறுமி 1966 முதல் நாட்டில் நடப்பதையெல்லாம் ஒட்டிப் பேசிவருகிறாள். வெண்ணெய் விற்கிறாளே தவிர, யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. 2024 டி20 உலகக் கோப்பையில் கர்நாடகத்தின் பால் நிறுவனமான நந்தினி, ஸ்காட்லாந்து, அயர்லாந்து அணிகளுக்கு ஸ்பான்சரானது. காசு கொடுத்து வாங்கிய கவனம், குறை சொல்ல ஒன்றுமில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்துவும் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கரும் பதக்கம் வென்றபோது, அவர்களோடு எந்த ஒப்பந்தமும் இல்லாத நிறுவனங்கள் வாழ்த்து என்ற பெயரில் அவர்கள் படத்தைப் போட்டுப் பக்கத்தில் தங்கள் முத்திரையை ஒட்டிக்கொண்டது அநியாயம்தான். இரண்டு முறையும் அவர்களுடைய மேலாண்மை நிறுவனங்கள் சட்ட நடவடிக்கையில் இறங்கின. அது வக்கீல்கள் பார்த்துக்கொள்ளக்கூடிய தகராறு. நான் சொல்ல வருவது, இந்தக் கதைகள் அலுவலகத்துக்குள் நுழைந்த பிறகு நடப்பதைப் பற்றி.

2025 ஆகஸ்ட் 4, இந்தியா–இங்கிலாந்து ஓவல் டெஸ்டின் கடைசி நாள். இங்கிலாந்து ஒன்பது விக்கெட் இழந்துவிட்டது, இன்னும் 17 ரன் வேண்டும். டெஸ்டின் முதல் நாளில் பீல்டிங் செய்தபோது தோள் மூட்டு விலகிய கிறிஸ் வோக்ஸ், இடக்கையை ஸ்வெட்டருக்குள் கட்டி வைத்துக்கொண்டு ஒற்றைக் கையில் மட்டையோடு இறங்கினார். ஒரு பந்தையும் அவர் எதிர்கொள்ளவில்லை. எதிர்முனையில் இருந்த அட்கின்சனுக்கே ஸ்ட்ரைக் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஓடினார். ஓடியபோது முகம் வலியில் கோணியது. சிராஜின் யார்க்கர் அட்கின்சனின் ஸ்டம்பைப் பெயர்க்க, இந்தியா ஆறு ரன்னில் வென்று தொடரை 2-2 எனச் சமன் செய்தது.

அந்த வாரமே வோக்ஸின் படம் தொழில் உலகின் சொத்தாகிவிட்டது. ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் மாதக் கூட்டத்தில் காட்டிய ஸ்லைடு ஒன்றை, அங்கே வசூல் பிரிவில் இருக்கும் உறவுக்காரப் பையன் எனக்கு அனுப்பியிருந்தான். மேல்பாதியில் வோக்ஸ். கீழ்பாதியில் கிளைவாரியாக அந்த மாத டார்கெட், எட்டாத கிளைகளுக்குச் சிவப்பு. இரண்டுக்கும் நடுவே, கை உடைந்தவரே வந்திருக்கிறார், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்ற பொருளில் ஒரு வரி. அந்த மாதம் காய்ச்சலென்று மூன்று நாள் விடுப்பு எடுத்தவர்களும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

யாருக்கும் நஷ்டமில்லை என்று இதைப் பார்த்த பிறகும் சொல்ல முடியுமா?

வோக்ஸின் கதையில் அந்த ஸ்லைடு சொல்லாமல் விட்டவை நிறைய. அவருக்கு அணியின் மருத்துவர்கள் இருந்தார்கள். இறங்கியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் வராவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும், சம்பளத்தில் யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு அவர் இங்கிலாந்துக்கு ஆடவில்லை. செப்டம்பரில் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வை அறிவித்துவிட்டார். வசூல் பிரிவுப் பையனுக்கு பிசியோ கிடையாது, அடுத்த டெஸ்டுக்கு முன் இடைவெளி கிடையாது. அவனுடைய தொடர் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் புதிதாகத் தொடங்குகிறது. அவனுக்கு வோக்ஸிடமிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது வலி மட்டும்தான்.

அதே தொடரில் சிராஜ் ஐந்து டெஸ்டும் ஆடி 185 ஓவருக்கு மேல் வீசினார், 23 விக்கெட் எடுத்தார். சோர்வறியாத சிராஜ் என்று பதிவுகள் குவிந்தன. பும்ராவோ மூன்று டெஸ்ட்தான் ஆடுவார் என்று தொடருக்கு முன்பே அறிவித்தார்கள், மூன்றுதான் ஆடினார். அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆஸ்திரேலியத் தொடரில் 151 ஓவருக்கு மேல் வீசி 32 விக்கெட் எடுத்தவர், சிட்னியின் இரண்டாவது இன்னிங்ஸில் முதுகு பிடித்துக்கொண்டு பந்தே வீச முடியாமல் உட்கார்ந்தார். அடுத்து வந்த சாம்பியன்ஸ் டிராபியும் போனது. 2023இல் அதே முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இவ்வளவையும் கணக்கில் வைத்து ஒரு வாரியம் தன்னுடைய மிகச் சிறந்த பந்துவீச்சாளரிடம், இந்த ஆட்டத்துக்கு நீ வர வேண்டாம் என்று சொன்னது. மேலாண்மை என்ற சொல்லுக்கு அந்தத் தொடரில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை. தலைமைப் பண்பு எழுத்தாளர்கள் இதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஓவல் வெற்றிக்குப் பின் சுனில் கவாஸ்கரே பணிச்சுமை என்ற சொல்லை இந்திய கிரிக்கெட் அகராதியிலிருந்து நீக்க வேண்டும் என்றார், எல்லையில் நிற்கும் ராணுவ வீரர்களை உதாரணம் காட்டினார். ஹெல்மெட் இல்லாமல் மேற்கிந்தியத் தீவுகளின் வேகத்தை எதிர்கொண்டவர் அப்படிப் பேசுவது புரிகிறது. நாட்டுக்கு ஆடும் பதினோரு பேரைப் பற்றிய அந்தப் பேச்சைத் தவணை வசூலிக்கப் போகிறவனுக்கும் சேர்த்துப் படிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனைக்கும் கிரிக்கெட் தன்னுடைய காயங்களிலிருந்து நேர் எதிரான பாடத்தைத்தான் கற்றுக்கொண்டு வருகிறது. 2002இல் ஆன்டிகுவாவில் உடைந்த தாடையைக் கட்டுப்போட்டுக்கொண்டு 14 ஓவர் வீசி லாராவை வீழ்த்திய கும்ப்ளேயைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். அந்தப் படம் இன்றும் பயிற்சி வகுப்புகளில் சுற்றுகிறது. ஆட்டத்தின் சட்டமோ அங்கேயே நிற்கவில்லை. தலையில் அடிபட்டவருக்குப் பதில் இன்னொருவர் ஆடலாம் என்ற விதி 2019இல் வந்தது. அதே ஆண்டு லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். 2025 ஜூலையில் மான்செஸ்டரில் ரிஷப் பந்த் எலும்பு முறிந்த பாதத்தோடு நொண்டி நொண்டிப் படியிறங்கி வந்து அரைசதம் அடித்தார். கைதட்டல் ஓய்வதற்குள், இப்படிப்பட்டவருக்கு மாற்று ஆள் அனுமதிக்க வேண்டும் என்ற விவாதம் கிளம்பியது. இந்தியப் பயிற்சியாளர் கம்பீர் ஆதரித்தார், இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் அபத்தம் என்றார். அடுத்த மாதமே இந்திய வாரியம் உள்நாட்டுப் பலநாள் போட்டிகளில் கடுங்காயம் பட்டவருக்கு மாற்று வீரரை அனுமதித்தது. ரிஷப் பந்தின் நடையைப் பார்த்த கிரிக்கெட் நிர்வாகிகளுக்கு, இனி ஒருவன் இப்படி நடந்து வர நேரக்கூடாது என்று தோன்றியிருக்கிறது. அதே நடையைப் பார்த்த விளம்பரக்காரர்களுக்கோ எல்லோரும் இப்படி நடக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

2023இல் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் நாராயண மூர்த்தி. 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். அந்தப் பேச்சுகளுக்கு ஊழியர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள், கோபப்பட்டார்கள். அதையே வோக்ஸ் படத்தோடு சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடிவதில்லை. கண்கலங்க வைக்கிற ஒரு மனிதனைக் காட்டியபின், எனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்கிறவன் கூனிக்குறுகிப் போகிறான். விளம்பரத் துறை கதையின் வலிமை என்று பெருமைப்படுவது இதைத்தான். ஒரு கோரிக்கையைக் கட்டளையாகச் சொன்னால் மறுக்கலாம், கதையாகச் சொன்னால் மறுக்கக் கூச்சமாகிவிடும். எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். தெரிந்தே செய்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

விளையாட்டிலிருந்து எடுத்தே தீர வேண்டும் என்றால் அந்தத் தொடரிலேயே இன்னொரு கதை இருக்கிறது. எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் பும்ராவுக்கு ஓய்வு. அவர் இடத்தில் ஆடிய ஆகாஷ் தீப் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பத்து விக்கெட் எடுத்தார். அந்த மைதானத்தில் அதற்குமுன் ஒரு டெஸ்டும் வென்றிராத இந்தியா 336 ரன்னில் வென்றது. நீ லீவு போட்டால் உன் வேலையை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிற மேலாளருக்கு அதிலேயே பதில் இருக்கிறது: ஆகாஷ் தீப்பைத் தயார்செய்து வைத்திருக்க வேண்டியது அவர் பொறுப்பு, காய்ச்சலில் படுத்திருப்பவனின் பொறுப்பல்ல.