பெயரும் பேரேடும்

வரலாற்று நாவல் என்றவுடன் தமிழ் வாசகர் நெஞ்சில் தோன்றுவன அரியணையும் போர்க்களமுமே. அகிலனின் ‘வேங்கையின் மைந்த’னும் சாண்டில்யனின் ‘கடல் புறா’வும் கடாரத்தை அவ்வாறே நமக்குக் காட்டின. பினாங்குக் கடற்கரையில் நின்று வடக்கே ஜெராய் மலையை நோக்கும் மாணவன், இராசேந்திர சோழனின் கப்பல்களை மனக்கண்ணில் காண்கிறான். அதே கடல் வழியே வந்து, எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலியாக உழைத்த தமிழ்ப் பெண்ணை அவன் காண்பதில்லை.

இக்குறையை நமக்கு உணர்த்தும் நாவல், கனடிய எழுத்தாளர் லாரன்ஸ் ஹில் 2007இல் வெளியிட்ட ‘தி புக் ஆஃப் நீக்ரோஸ்’. 1783இல் நியூயார்க்கிலிருந்து ஆங்கிலேயரின் கப்பல்களில் வெளியேறிய ஏறத்தாழ 3,000 கறுப்பின மக்களின் பெயரும் வயதும் உடற்கட்டும் ஒரு பேரேட்டில் பதிவு செய்யப்பட்டன. நாவலுக்குப் பெயர் தந்தது அப்பேரேடே. ஒரு வரியில் அடங்கிய மனிதருக்கு ஒரு வாழ்வை மீட்டளிப்பதே ஆசிரியரின் நோக்கம் எனலாம்.

கதைத் தலைவி அமினாட்டா டியாலோ, பதினோராம் வயதில் மேற்கு ஆப்பிரிக்காவில் கடத்தப்படுகிறாள். தென் கரோலினாவில் அவுரித் தோட்டத்தில் உழைக்கிறாள். பெற்ற மகன் விற்கப்படுவதைக் காண்கிறாள். முதுமையில் இலண்டனில் அமர்ந்து தன் கதையைத் தானே எழுதுகிறாள். ஈண்டு இரண்டு கூறுகள் நோக்கத்தக்கன. ஒன்று, தாயிடம் கற்ற மருத்துவச்சித் தொழில். அடிமைத்தளையும் அவளிடமிருந்து பறிக்க இயலாத உடைமை அது. மற்றொன்று பெயர். கப்பலின் அடித்தட்டில் விலங்கிடப்பட்டோர் தம் பெயர்களை அவளிடம் கூறுவதும், அவள் பெயரைத் திரும்ப உரைப்பதும் நாவலின் உயிர்நிலை. பின்னாளில் அப்பேரேட்டை எழுதும் கைகளுள் அவள் கையும் ஒன்றாகிறது.

குறையும் உண்டு. வரலாற்றின் முக்கிய நிகழ்விடங்கள் பலவற்றிலும் அவளைக் கொண்டு நிறுத்த ஆசிரியர் விழைவதால், தற்செயல்கள் மிகுந்து நம்பகம் சிற்சில இடங்களில் தளர்கிறது.

தமிழில் இதற்கு அணுக்கமாக நிற்பது புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ (1935). திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டம் செல்லும் மருதியின் துயரை, அனுதாபச் சொற்களைக் கொட்டாமல், உண்மையின் கடுமையோடு அவர் வரைந்தார். எனினும் மருதி வரலாற்றுக் கதையின் மாந்தர் அல்லள். ஆசிரியர் தம் காலத்தையே எழுதினார். அவள் கதையைப் பிறர் கூறுகின்றனர். அமினாட்டாவோ தானே கூறுகிறாள். இவ்வேறுபாடு உத்தி பற்றியதன்று. யாருக்குப் பேசும் உரிமை உண்டு என்பது பற்றியது.

ஒப்பந்தக் கூலிமுறையும் அடிமை வாணிகமும் ஒன்றல்ல. ஒப்பந்தத்திற்குக் கால எல்லை இருந்தது. பிள்ளை விற்பனைப் பொருளாகவில்லை. இவ்வேறுபாட்டை மறைத்தால் இரு மக்களின் துயருக்கும் நாம் நீதி செய்யாதவராவோம். ஆயினும் கடல் கடந்த பெண் பேரேட்டில் ஒரு வரியாகச் சுருங்கியது இரண்டிற்கும் பொது. மலாயாவில் 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. அப்பெண்களின் குரலைத் தேடும் கடமை ஒழியவில்லை.

கடாரத்தை வென்ற வேந்தனைப் பாடியது போதும் என்பதன்று நம் கருத்து. அக்கரையில் கரும்பு வெட்டியவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை எழுதும் பேனா நம் மாணவரிடமிருந்து எழுதல் வேண்டும்.