பெயர் விழுங்கிய அணி

துபாய் ஆட்டோட்ரோமில் 2025 ஜனவரி 12 அன்று 24 மணி நேரப் பந்தயம் முடிந்தபோது, அஜித்குமார் ரேசிங் அணியின் 901ஆம் எண் போர்ஷே 992 பிரிவில் மூன்றாவதாக வந்தது. தேசியக் கொடியைத் தூக்கிப் பிடித்து நடிகர் அஜித் மகிழ்ந்த காட்சி எல்லாக் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. அஜித் சாதித்தார், அஜித் மூன்றாமிடம் பிடித்தார் என்று வாழ்த்துகள் குவிந்தன. அந்தக் காரை மத்தியூ டெட்ரி, ஃபாபியன் டுஃபியூ, கேமரூன் மக்லியட் ஆகியோர் ஓட்டினார்கள். அஜித் ஓட்டவில்லை.

இதைச் சொன்னால் பதில் தயாராக இருக்கிறது. அவர் சொந்தக் காசைப் போடுகிறார், சொந்த உயிரைப் பணயம் வைக்கிறார், ஐம்பதைத் தாண்டிய வயதிலும் தன் ஆசையை விடவில்லை; குறை சொல்ல நீ யார்? இரண்டு வாரத்தில் பத்மபூஷண் அறிவிப்பும் வந்து சேர்ந்தது. அந்த விருது கலைக்கானது. ஆனால் வாழ்த்துச் சுவரொட்டிகளில் நடிகரும் பந்தய வீரரும் ஒன்றாகக் கலந்து, விருதே பந்தயத்துக்குக் கிடைத்த அங்கீகாரம்போல ஆனது. இந்தச் சொந்தக் காசு வாதம் நம்மிடம் அசைக்க முடியாத ஒன்றாக நிலைத்துவிட்டது. அது தவறான கேள்விக்கான சரியான பதில் என்பதே என் கருத்து.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். அஜித் விளம்பரத்துக்காகப் பந்தயத்துக்கு வந்தவர் அல்லர். 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியாவிலும் 2010இல் எஃப்ஐஏ ஃபார்முலா டூவிலும் ஓட்டியவர். துபாய்ப் பயிற்சியில் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற பிறகும் களத்தை விட்டுப் போகவில்லை. மார்ச்சில் முஜெல்லோ 12 மணி நேரப் பந்தயத்திலும் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. பணம் படைத்த அமெச்சூர் ஓட்டுநர் இந்தப் பந்தயங்களில் வேண்டாத விருந்தாளியும் அல்லர். எஃப்ஐஏ ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. நீண்ட நேரப் பந்தயங்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப்பின் எல்எம்ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல ஓட்டுநர், அதாவது அமெச்சூர், கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் கொண்டுவரும் பணம் இல்லாவிட்டால் ஜிடி பந்தயங்களின் பாதி வரிசை காலியாகிவிடும். நடிகர்களும் இங்கே புதியவர்கள் இல்லை. 1970இல் காலில் மாவுக்கட்டோடு ஸீப்ரிங் பந்தயத்தில் பீட்டர் ரெவ்ஸனுடன் சேர்ந்து இரண்டாமிடம் பிடித்தார் ஸ்டீவ் மக்வீன். ஆகவே சினிமாக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

என் ஆட்சேபம் வேறு. நீண்ட நேரப் பந்தயம் என்பது மோட்டார் விளையாட்டிலேயே தனிமனிதன் கரைந்துபோகும் வடிவம். ஒரே இருக்கை, அதில் மூவரோ நால்வரோ மாறி மாறி உட்காருகிறார்கள். இருக்கையின் நிலை, பிரேக் சமநிலை, ஸ்டியரிங்கின் கனம் எதுவும் ஒருவருடைய முழு விருப்பப்படி இருக்காது. எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தன்னைவிட வேகமான ஜிடி3 கார்களுக்கு வழிவிட்டு, மெதுவான கார்களைத் தாண்டி, டயரைத் தேய்த்துத் தீர்க்காமல் அடுத்தவரிடம் ஒப்படைப்பவன்தான் இங்கே நல்ல ஓட்டுநர். துபாயில் இந்த வகைக் காருக்கு ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டு நிமிடம். சுற்றுக்கு ஒரு நொடி பிந்துபவர் இரண்டு மணி நேரம் ஓட்டினால், சுமார் அறுபது சுற்றில் ஒரு முழு நிமிடம் கரைந்துவிடும். அதை மற்றவர்கள்தான் மீட்டெடுக்க வேண்டும். முடிவுப் பட்டியலில் இடம் பெறுவதும் கார்தான். அதன் எண்ணுக்குக் கீழே எல்லாப் பெயர்களும் சமமாக இருக்கும்.

நட்சத்திரத்தின் பெயரில் அணி ஓடும்போது உடைவது இந்தச் சமம்தான். துபாயில் அஜித் எடுத்த முடிவையே பாருங்கள். பயிற்சி விபத்துக்குப் பிறகு, 901ஆம் எண் காரை ஓட்டுவதிலிருந்து விலகி அதன் உரிமையாளராக மட்டும் நின்றார். ரஸூன் அணியுடன் இணைந்து 414ஆம் எண் போர்ஷே கேமனை ஜிடி4 பிரிவில் ஓட்டினார். அதற்கு ‘ஸ்பிரிட் ஆஃப் தி ரேஸ்’ என்ற பாராட்டும் கிடைத்தது. நீண்ட நேரப் பந்தயத்தின் அறிவு முழுவதும் அந்த விலகலில் இருக்கிறது. காரின் வாய்ப்பு என் ஆசையைவிடப் பெரியது என்று ஓர் உரிமையாளர் முடிவெடுப்பது சாதாரணமல்ல. என் கணக்கில், அந்த வாரத்தில் அஜித் செய்த ஆகச் சிறந்த பந்தயக் காரியம் அது. ஆனால் அந்த முடிவின் பொருளையே நம் கொண்டாட்டம் அழித்துவிட்டது. அவர் விலகி நின்றதால் வந்த மூன்றாமிடத்தை, அவர் ஓட்டியதால் வந்ததாக மாற்றிக்கொண்டோம். டெட்ரியும் டுஃபியூவும் மக்லியடும் டைட்டில் கார்டில் கடைசியாக ஓடும் ‘மற்றும் பலர்’ ஆனார்கள்.

இதன் விபரீதம் புரிய 2009க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கோலஸ் அணியின் ஆடி ஆர்10 காரில் ஓட்டப் பதிவு செய்யப்பட்டிருந்தார் கோவையின் நரேன் கார்த்திகேயன். பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரிலிருந்து இறங்குகையில் தோள்பட்டை விலகியது. அவரால் ஓட்ட முடியவில்லை. மீதமிருந்த ஆந்த்ரே லோட்டரரும் சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மனும் இருவராகவே ஓட்டி ஒட்டுமொத்தத்தில் ஏழாமிடம் பிடித்தார்கள். அது இன்றும் வியந்து பேசப்படும் ஓட்டம். ‘நரேன் லெ மானில் ஏழாமிடம்’ என்று யாரும் எழுதவில்லை. எழுதக்கூடாது என்பது விளையாட்டின் அடிப்படை நாகரிகம். லெ மானில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமை அதனால்தான் 2012இல் சென்னையின் கருண் சந்தோக்குக்குப் போனது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியருக்குக் காட்டாத சலுகையை நடிகருக்கு மட்டும் ஏன் காட்டுகிறோம்?

அஜித் உரிமையாளர், நரேன் கூலிக்கு ஓட்ட வந்தவர். உரிமையாளருக்கு அணியின் வெற்றியில் பங்கு உண்டு என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உரிமையாளரின் வெற்றி வேறு வகை. அதை உரிமையாளருக்கான சொற்களில் சொல்ல வேண்டும்: சரியான தொழில்நுட்பக் கூட்டாளியைத் தேர்ந்தார், சரியான ஓட்டுநர்களை அமர்த்தினார், பணம் போட்டார், தான் விலகினார். காரைத் தயார் செய்து களத்தில் நடத்தியது நெதர்லாந்தின் பாஸ் கூட்டன் ரேசிங். இவ்வளவையும் சேர்த்துச் சொன்னால் அது கௌரவமான செய்திதான். நமக்கோ நாயகன் சண்டை போட்டே ஆக வேண்டும்.

பெயரைக் கடன் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க நடிகர் பேட்ரிக் டெம்ப்ஸியின் கதை முழுமையான உதாரணம். 2009இல் லெ மானில் முதன்முதலாக ஓட்டினார். 2013 முதல் கிறிஸ்டியன் ரீட் நடத்தும் ஜெர்மனியின் புரோட்டான் அணியோடு சேர்ந்தார். 2015இல் பேட்ரிக் லாங், மார்கோ ஸீஃப்ரீட் இருவருடன் ஜிடிஇ அமெச்சூர் பிரிவில் இரண்டாமிடம் பிடித்தார். அது அவர் வியர்வை சிந்திப் பெற்றது. அதன் பிறகு ஓட்டுவதை நிறுத்தினார். டெம்ப்ஸி-புரோட்டான் என்ற அணிப் பெயர் மட்டும் நிற்காமல் ஓடியது. 2018இல் அந்தப் பெயரில் ஓடிய 77ஆம் எண் போர்ஷே லெ மானில் தன் பிரிவை வென்றது. ஓட்டியவர்கள் மாட் கேம்ப்பெல், ஜூலியன் ஆந்த்லவர், ரீட். அதே பருவத்தில், ஜப்பானின் ஃபுஜி பந்தயத்தில் எரிபொருள் நிரப்பும் நேரம் குறித்த தரவைத் திரித்ததற்காக, அதுவரை சேர்த்த சாம்பியன்ஷிப் புள்ளிகளை அணி இழந்தது. வென்ற கை நடிகருடையதல்ல, தவறிழைத்த கையும் அவருடையதல்ல. ஆனால் தலைப்புச் செய்தி இரண்டிலும் அவர் பெயர்தான். பெயர் ஒருவரிடமும் வேலை இன்னொருவரிடமும் இருக்கும்போது புகழும் பொறுப்பும் யாரிடமும் சரியாகப் போய்ச் சேருவதில்லை.

அணிக்கு நடிகரின் பெயர் இருப்பதே குற்றமா? இல்லை. பால் நியூமனைப் பாருங்கள். 1979இல் லெ மானில் ஒட்டுமொத்தத்தில் இரண்டாமிடம் பிடித்தபோது அவர் ஓட்டியது டிக் பார்பர் அணியின் போர்ஷே 935. ரோல்ஃப் ஸ்டொம்மலனும் பார்பரும் உடன் ஓட்டினார்கள். மறுபடி அவர் லெ மானுக்கு ஓட்டப் போகவில்லை. பிறகு கார்ல் ஹாஸுடன் சேர்ந்து இண்டிகார் களத்தில் நியூமன்/ஹாஸ் அணியைத் தொடங்கினார். 1984இல் மரியோ ஆண்ட்ரெட்டி அந்த அணியில் சாம்பியன் ஆனார். 1993இல் நைஜல் மான்ஸெல். 2004 முதல் தொடர்ந்து நான்கு முறை ஸெபாஸ்டியன் போர்டே. அமெரிக்காவில் நியூமனைவிடப் பெரிய நட்சத்திரம் எத்தனை பேர்? இருந்தும் 1993 பட்டத்தை நியூமன் வென்றார் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஓட்டுநரின் பெயரை உரிமையாளரின் பெயர் மறைக்காமல் இருக்க முடியும் என்பதற்கு அந்த அணியே சாட்சி.

இங்கே அஜித்தின் ஆதரவாளர்கள் தங்கள் கடைசி வாதத்தை எடுப்பார்கள்: இந்தக் கொண்டாட்டத்தை அவர் கேட்கவே இல்லையே? உண்மை. 2011இல் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021இல் ‘தல’ என்று அழைக்க வேண்டாம் என்றார். 2024 டிசம்பரில் ‘கடவுளே’ முழக்கத்தை நிறுத்தச் சொன்னார். என்னைப் பரப்ப வேண்டாம், மோட்டார் பந்தயத்தைப் பரப்புங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். தமிழ் நடிகர்களில் இத்தனை முறை ரசிகரைத் தள்ளி நிறுத்தப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. ஆனால் அறிக்கை ஒன்று சொல்ல, கார் வேறொன்று சொல்கிறது. தன் பெயரை முழக்கமிட வேண்டாம் என்று கேட்டவர், ஐரோப்பிய சர்க்யூட்டுகளில் தன் முழுப் பெயரையே அணிக்கு வைத்து ஓடவிடுகிறார். மன்றத்தைக் கலைத்தவருக்கு அதைவிடப் பெரிய மன்றம் பிட் லேனில் கிடைத்துவிட்டது. ரசிகர் அவர் சொல்லைக் கேட்காமல் போனதில் வியப்பில்லை. அவர்கள் காரில் எழுதியிருப்பதைத்தான் படித்தார்கள்.

சொந்தக் காசு என்ற வாதமும் இந்த இடத்தில் தளர்ந்துவிடுகிறது. காரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சின்னம் இருந்தது. அதற்காகத் துணை முதலமைச்சர் வெளிப்படையாக நன்றி சொன்னார். யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதல்ல பிரச்சினை. மாநிலத்தின் சின்னம் ஏறிய கார் இனி ஒரு மனிதரின் ஆசை மட்டும் அல்ல. தமிழ்நாட்டின் மோட்டார் விளையாட்டுக்கு இதனால் என்ன கிடைத்தது என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது.

சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்த ஊர் இது. இருங்காட்டுக்கோட்டை, கோவையின் கரி ஸ்பீட்வே என நிரந்தரக் களங்கள் இங்கே உண்டு. நரேனும் கருணும் இந்த மண்ணிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போனவர்கள். கருண் 2012இல் ஜேஆர்எம் அணியில் டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் இருவருடன் லெ மானில் ஒட்டுமொத்தத்தில் ஆறாமிடம் பிடித்தார். பிரிவில் மூன்றாமிடத்துக்கு ஊர்வலம் போகும் ரசிகரிடம் அந்த ஆறாமிடத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நட்சத்திர வெளிச்சம் விளையாட்டை வளர்க்கும் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லக் கேட்கிறேன். வளர்வது நட்சத்திரத்தின் மீதான பார்வையே. அவர் கண்மறைந்ததும் அந்தப் பார்வையாளர் அடுத்த காரைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

2025-26 ஆசிய லெ மான் தொடருக்கு நரேனையும் சென்னையின் ஆதித்ய படேலையும் அணி சேர்த்துக்கொண்டது. துபாய் வரிசையோடு ஒப்பிட்டால் நல்ல மாற்றம்தான். ஆனால் நரேன் ஃபார்முலா ஒன் போய் இருபது ஆண்டு ஆகிறது. படேலும் நெடுங்காலமாகக் களத்தில் இருப்பவர். ஏற்கெனவே வளர்ந்தவர்களை அழைப்பது ஒன்று, வளர இடம் கொடுப்பது இன்னொன்று. இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் பட்டம் வென்று, வெளிநாட்டு இருக்கைக்குப் பணம் இல்லாமல் நிற்கும் இருபது வயதுக்காரருக்கு ஒரு பருவம் முழுக்க இருக்கை தந்தால், காரின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. அதுவரை இந்த அணி ஒரு நடிகரின் நேர்மையான ஆசை. அதற்கு வாழ்த்துச் சொல்லலாம். தமிழ்நாட்டின் சாதனை என்று கணக்கில் எழுத வேண்டாம். முடிவைச் செய்தியாக்கும்போது குறைந்தபட்சம், காரை ஓட்டியவர்களின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.